குழாய் போட்ட அன்று நான் கேட்காமல் விட்ட கேள்வி

போன மாசி மாதம் பல நாள் ராத்திரி ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து செல்போனில் தேடிக்கொண்டிருந்தேன். ‘பித்தப்பையில் குழாய்’, ‘வயதானவர்களுக்குப் பித்தப்பை ஆபரேஷன் செய்ய முடியாவிட்டால்’ என்று விதவிதமாகப் போட்டுப் பார்த்தேன். தமிழில் எனக்குக் கிடைத்ததெல்லாம் கல்லைக் கரைக்கும் கஷாயமும் எலுமிச்சைச் சாறும்தான். அன்றைக்கு எனக்குத் தேவைப்பட்டது வேறு. ஆபரேஷன் தாங்காத அம்மாவின் பித்தப்பைச் சீழை முதலில் வெளியே குழாய் போட்டும், பிறகு குடலுக்குள் இருந்தே ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாய் வைத்தும் வடித்த கதை அது. அதை நானே எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் கணக்கு எழுதுகிறவள். வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான். தம்பி மஸ்கட்டில்.

அம்மாவுக்கு 81 வயது. சர்க்கரை உண்டு. அதற்கு முந்தைய ஆடியில் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள், ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரை. இதயம் பம்ப் செய்யும் அளவு 30 சதவீதம்தான். இப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் எதைப் பார்த்தாலும் இதயமோ என்றுதான் நினைப்போம். அதனால்தானோ என்னவோ, வயிற்றை நான் கவனிக்கவே இல்லை.

முதல் நாள் ‘வயிறு மந்தமா இருக்குடி, சோறு வேணாம்’ என்றார். ஓமத்தண்ணி வைத்துக் கொடுத்தேன். இரண்டாம் நாள் கேஸ் மாத்திரை. காய்ச்சல் இல்லை, பெரிதாக வலி என்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் வேலை விட்டு வந்தபோது என்னைப் பார்த்து, இறந்துபோன பெரியம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். திரும்பவும் அதே பெயர். கையைத் தொட்டால் சில்லென்று வியர்த்திருந்தது. அப்போதுதான் பயம் வந்தது. வயதானவர்களுக்கு, அதுவும் சர்க்கரை இருப்பவர்களுக்கு, உள்ளே பெரிய தொற்று இருந்தாலும் காய்ச்சலும் வலியும் மங்கலாகத்தான் தெரியும், திடீர்க் குழப்பமே முதல் அடையாளமாக இருக்கலாம் என்று பின்னால் சொன்னார்கள். அந்த மூன்று நாளை நினைத்தால் இப்போதும் மனசு அடித்துக்கொள்கிறது.

திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் முதலில் ஈசிஜி எடுத்தார்கள். அது சரிதான், அம்மாவின் நிலையில் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஈசிஜியில் புதிதாக ஒன்றும் இல்லை. அப்புறம் அந்த டாக்டர் வலது விலா எலும்புக்குக் கீழே விரல்களை அழுத்தி வைத்துக்கொண்டு, ‘மூச்சை நல்லா உள்ளே இழுங்க பாட்டி’ என்றார். அம்மா இழுத்தார், பாதியில் அப்படியே நின்றுவிட்டது. முகம் சுருங்கி, டாக்டரின் கையைப் பிடித்துத் தள்ளினார். இரண்டு நாளாக மந்தம் என்று சொன்னவரா இவர் என்று இருந்தது. ‘உடனே ஸ்கேன்’ என்று எழுதிக் கொடுத்தார். பித்தப்பைச் சுவர் 6 மில்லிமீட்டர் தடித்திருந்தது. 3 வரை இருந்தால்தான் சரியாம். கழுத்துப் பகுதியில் 14 மில்லிமீட்டர் கல் ஒன்று அடைத்து நின்றது.

நடந்தது இதுதான். கல்லீரலுக்கு அடியில் ஒட்டியிருக்கும் சின்னப் பை பித்தப்பை. கல் அதன் வாயில் போய்ச் சிக்கிக்கொண்டால் பித்தநீர் வெளியே வர வழியில்லாமல் பை வீங்கிப் புண்ணாகும், தொற்று சேர்ந்தால் சீழ் பிடிக்கும், விட்டால் அழுகி ஓட்டை விழும். உடம்பு தாங்குகிறவர்களுக்கு முதல் சில நாளிலேயே லேப்ராஸ்கோபியில் பையையே எடுத்துவிடுவார்கள், அத்தோடு கதை முடிந்தது. எங்களைச் சேர்த்த கடலூர் ஆஸ்பத்திரியில் சர்ஜனும் அதைத்தான் சொன்னார். ராத்திரி பத்து மணிக்கு மயக்க மருந்து டாக்டர் வந்து ஃபைலைப் பார்த்தார். எக்கோ ரிப்போர்ட்டை இரண்டு தடவை புரட்டினார். ‘இந்த ஹார்ட்டை வச்சுக்கிட்டு நான் மயக்கம் கொடுக்க மாட்டேன்மா’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அவர் வாயால் சொன்னதை நான் எழுத்தில் வாங்கவில்லை. ‘இந்தக் காரணங்களால் ஆபரேஷனுக்குத் தகுதியில்லை’ என்று லெட்டர்ஹெட்டில் நாலு வரி வாங்கியிருந்தால், பின்னால் இன்சூரன்ஸ் கம்பெனியோடு ஏழு வாரம் மல்லுக்கட்ட வேண்டியிருந்திருக்காது. ‘பித்தப்பை வீக்கத்துக்கு ஆபரேஷன்தானே வழக்கம், ஏன் செய்யவில்லை’ என்று கேட்டுத்தான் திருப்பி அனுப்பினார்கள். இன்னொன்று, வயதை மட்டும் காட்டி ஆபரேஷன் வேண்டாம் என்று யாராவது சொன்னால் இன்னொரு மயக்க மருந்து டாக்டரையும் கேளுங்கள். ஆபரேஷனில் ஆபத்து அதிகம் என்று கணிக்கப்பட்ட 142 பேரை வைத்து நெதர்லாந்தில் நடந்த ஆய்வு ஒன்று 2018-ல் வந்தது. ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 12 சதவீதம் பேருக்குப் பெரிய சிக்கல் வந்தது, குழாய் மட்டும் போட்டவர்களில் 65 சதவீதம் பேருக்கு. மிக மோசமான நிலையில் இருந்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. எங்கள் அம்மாவுக்கு அந்த மயக்க மருந்து டாக்டர் சொன்னது நியாயம்தான், அதில் எனக்கு வருத்தம் இல்லை.

மறுநாள் காலை ‘தோல் வழியா பித்தப்பைக்குள்ள ஒரு குழாய் போட்டுடலாம், சீழ் வெளியே வந்துடும்’ என்றார்கள். கையெழுத்துப் போட இரண்டு நிமிஷம்தான் ஆனது. ரேடியாலஜி டாக்டர் ஸ்கேன் பார்த்துக்கொண்டே, மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு, விலா எலும்புகளுக்கு இடையில் கல்லீரல் வழியாக மெல்லிய குழாயை உள்ளே விட்டார். பிக்டெயில் என்பார்கள், உள்ளே போன நுனி பன்றி வால் போலச் சுருண்டு நிற்கும். ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கல்லீரலைக் குத்துவதில் ரத்தக்கசிவு பயம் உண்டு என்று அதற்கு முன் யாரும் சொல்லவில்லை. நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. குழாயின் வெளிமுனையில் மாட்டிய பையில் கறுப்பும் பச்சையுமாக 180 மில்லி இறங்கியது. அடுத்த நாள் அம்மா என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், ஒரு இட்லி சாப்பிட்டார். ஆறாம் நாள் டிஸ்சார்ஜ், பில் 68,000 ரூபாய். நான் சாமிக்குத் தேங்காய் உடைத்தேன்.

இந்தக் குழாய் எத்தனை நாள் இருக்கும், யார் எப்போது எடுப்பார்கள், எடுத்த பிறகு உள்ளே இருக்கிற கல் என்ன செய்யும் என்று அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘இரண்டு வாரம் கழித்து வரவும்’ என்று ஒரு வரி. குழாய் போட்டது சீழை வடிப்பதற்குத்தான். அடைத்த கல் அங்கேயேதான் இருந்தது. குழாயை வழக்கமாகச் சில வாரம் கழித்து, சாயம் செலுத்திப் படம் எடுத்து, பித்தநீர் தானாகக் குடலுக்கு இறங்குகிறது என்று தெரிந்த பிறகுதான் எடுப்பார்கள். இறங்காவிட்டால் மாதக்கணக்கில்கூட இருக்கும், நடுநடுவே மாற்ற வேண்டும்.

வீட்டில் அந்தப் பையோடு வாழ்ந்தது தனிக் கதை. ஒரு நர்ஸ் தங்கச்சி மூன்று நிமிஷத்தில் சொல்லிக் கொடுத்ததுதான் எனக்கு இருந்த பயிற்சி. தினமும் சிரிஞ்சில் சலைன் எடுத்து, குழாயில் இருக்கும் திருகைத் திருப்பி, மெதுவாக உள்ளே செலுத்தி மறுபடி திருப்ப வேண்டும். திருகு எந்தப் பக்கம் இருந்தால் எது திறந்திருக்கிறது என்று முதல் நாலு நாள் எனக்குப் புரியவே இல்லை. கடைசியில் திறந்த நிலையில் ஒன்று, மூடிய நிலையில் ஒன்று என்று போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன். நீங்கள் ஆஸ்பத்திரியிலேயே அந்த நர்ஸ் முன்னால் ஒரு தடவை உங்கள் கையால் செய்து காட்டிவிட்டு வாருங்கள், முடிந்தால் வீடியோ எடுங்கள். தினமும் எவ்வளவு இறங்குகிறது, என்ன நிறம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். திடீரென்று நின்றுபோனால் அடைப்பாக இருக்கலாம், குழாய் நகர்ந்திருக்கலாம். சிவப்பாக வந்தால் உடனே போன் செய்ய வேண்டும். சலைன் உள்ளே போக மறுத்தால் பலமாக அழுத்தக் கூடாது.

இதெல்லாம் பழகிவிடும். அம்மாவின் வெட்கம்தான் பழகவில்லை. யாராவது வீட்டுக்கு வந்தால் பையை முந்தானைக்குள் மறைத்துக்கொள்வார். வாசலில் உட்காருவதை நிறுத்தினார். பாடலீஸ்வரர் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் போனவர், ‘இந்தப் பையைத் தூக்கிக்கிட்டு சாமி முன்னாடி நிக்கணுமா’ என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இருபத்து மூன்றாம் நாள் ராத்திரி. பையைக் கட்டில் கம்பியில் மாட்டியிருந்தேன். அம்மா என்னை எழுப்பாமல் பாத்ரூம் போக எழுந்திருக்கிறார். பை கம்பியிலேயே இருந்தது, அம்மா நகர்ந்துவிட்டார். ‘ஈரமா இருக்குடி’ என்ற குரல் கேட்டுத்தான் விழித்தேன். லைட்டைப் போட்டால் நைட்டியில் இடுப்பு வரை மஞ்சள் கறை, குழாயின் சுருண்ட நுனி தரையில் கிடந்தது. தையல் நூல் ஒன்று மட்டும் தோலில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த நுனியைப் பார்த்தபோது, அதை அப்படியே திரும்ப உள்ளே விட்டுவிடலாமா என்று ஒரு விநாடி தோன்றியது. எக்காரணம் கொண்டும் அப்படிச் செய்யாதீர்கள். சுத்தமான காஸ் துணியை வைத்து மூடி, சாப்பிட எதுவும் கொடுக்காமல், விழுந்த குழாயையும் ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குழாய் போன பாதை உறுதிப்பட வாரக்கணக்கில் ஆகும், அதற்கு முன் கழன்றால் பித்தநீர் வயிற்றுக்குள் கசியலாம். பையைக் கட்டிலில் மாட்டவே கூடாது. இடுப்பில் ஒரு துணி பெல்ட் கட்டி, குழாயில் கொஞ்சம் தளர்வு விட்டு, அதில் பையை ஊக்கு குத்தி வைக்க வேண்டும். 20 ரூபாய் ஊக்கு அட்டை. எனக்கு அது யாரும் சொல்லாமல் போனதில் இன்றைக்கும் கோபம் உண்டு.

அதே ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்து, ‘பெரிசா கசிவு இல்லை, பார்ப்போம்’ என்று ஆன்டிபயாடிக் கொடுத்து இரண்டு நாளில் அனுப்பினார்கள். பன்னிரண்டு நாள் நன்றாக இருந்தார். பதிமூன்றாம் நாள் குளிர் ஜுரம், அதே இடத்தில் வலி. இந்தத் தடவை நான் ஓமத்தண்ணி வைக்கவில்லை. ‘மறுபடியும் குழாய் போடணும்’ என்றார்கள். அம்மா கையெடுத்துக் கும்பிட்டு, ‘என்னை விட்டுடுங்க’ என்றார்.

அன்றைக்கு வழி காட்டியது முதலில் பார்த்த கிளினிக் டாக்டர்தான். ‘பாண்டியில வயித்துக்குள்ள இருந்தே ஸ்டென்ட் வைக்கிற கேஸ்ட்ரோ டாக்டர் இருக்கார், ஒரு தடவை கேட்டுப் பாருங்கம்மா’ என்றார். பிரைவேட் ஆம்புலன்ஸுக்கு 4,500 ரூபாய். கடலூரிலிருந்து பாண்டிக்கு இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி, கன்னியகோவில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் எல்லாம் ஓடிவிட்டது; மரப்பாலம் சிக்னலில் மட்டும் இருபது நிமிஷம் நின்றோம். அந்த இருபது நிமிஷம் முழுக்க அம்மாவின் விரலில் மாட்டியிருந்த ஆக்சிஜன் மீட்டர் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த டாக்டர் ஒரு காகிதத்தில் படம் வரைந்து காட்டினார். பித்தப்பை சிறுகுடலின் முதல் பகுதிக்கும் இரைப்பையின் கீழ்ப்பகுதிக்கும் பக்கத்திலேயே கிடக்கிறது. வாய் வழியாக விடும் எண்டோஸ்கோபியின் நுனியில் ஸ்கேன் கருவி இருக்கும். குடலுக்குள் இருந்தபடியே சுவருக்கு அந்தப் பக்கம் வீங்கி நிற்கும் பித்தப்பையைப் பார்த்து, இரண்டு சுவரையும் சேர்த்துத் துளையிட்டு, நடுவில் ஒரு உலோக ஸ்டென்ட் வைப்பார்கள். ‘உடுக்கை தெரியுமில்ல, அது மாதிரி’ என்றார். இரண்டு முனையும் அகலம், இடுப்பு குறுகல். அகலமான ஒரு முனை பித்தப்பைக்குள்ளும் மறுமுனை குடலுக்குள்ளும் விரிந்து இரண்டு சுவரையும் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். சீழும் பித்தநீரும் நேராகக் குடலுக்குள் இறங்கிவிடும், வெளியே குழாயோ பையோ கிடையாது. பித்தப்பை நன்றாக வீங்கி இருந்தால்தான் குத்துவது சுலபமாம். அம்மாவுக்குத் திரும்ப வீங்கியது இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சௌகரியமாகப் போனது.

இன்னொரு வழியும் இருப்பதாகச் சொன்னார். பித்தக்குழாய் குடலில் திறக்கும் வாய் வழியாக மெல்லிய கம்பியை மேலே ஏற்றி, பித்தப்பை வரை பிளாஸ்டிக் ஸ்டென்ட் கொண்டுபோவது. எதையும் துளைக்க வேண்டியதில்லை என்பதால் வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கும் ரத்தக்கசிவு ஆபத்து உள்ளவர்களுக்கும் அது பொருந்தலாம். அம்மாவுக்குக் கல் கழுத்திலேயே இறுகி நின்றதால் கம்பி நுழைவது கஷ்டம் என்றார்.

நான் இந்தத் தடவை பேனாவும் நோட்டும் வைத்துக்கொண்டு கேட்டேன். குழாயைவிட இது எதில் மேல்? ஹாங்காங் டாக்டர்கள் முன்னின்று, ஆபரேஷனுக்குத் தாங்காத 80 பேரை வைத்து நடத்திய ஆய்வைச் சொன்னார், 2020-ல் அச்சில் வந்தது. ஒரு வருஷத்துக்குள் சிக்கல் வந்தது குழாய் போட்டவர்களில் 77.5 சதவீதம், உள்ளிருந்து ஸ்டென்ட் வைத்தவர்களில் 25.6. திரும்பப் பித்தப்பை வீங்கியது 20 சதவீதத்துக்கு எதிராக 2.6. இதில் என்ன ஆபத்து? ரத்தக்கசிவு, ஸ்டென்ட் நழுவுவது, வைக்கும்போதே தவறி பித்தநீர் வயிற்றில் கசிவது, பின்னால் அடைத்துக்கொள்வது. அதனால் இதை அடிக்கடி செய்து கைப்பழக்கம் உள்ளவரிடம்தான் போக வேண்டும். ‘நீங்க இது வரைக்கும் எத்தனை செஞ்சிருக்கீங்க’ என்று கேட்பதில் தப்பே இல்லை. பின்னால் பித்தப்பையை எடுக்க முடியுமா? முடியலாம், ஆனால் குடலோடு இணைத்துவிட்டதால் ஆபரேஷன் சிக்கலாகும். ஆகவே ஒரு மாதத்தில் உடம்பு தேறி ஆபரேஷனுக்குப் போகக்கூடியவருக்கு இது சரியான முதல் தேர்வு இல்லை என்று அவரே சொன்னார். அந்த நேர்மைதான் எனக்கு நம்பிக்கை கொடுத்தது.

ரத்தம் உறையாத மாத்திரை விஷயத்தை இதய டாக்டரும் இவரும் போனில் பேசி முடிவு செய்தார்கள். ஒன்றை ஐந்து நாள் நிறுத்தி, ஆஸ்பிரினை மட்டும் தொடர்ந்தார்கள். அதுவரை ஆன்டிபயாடிக் ட்ரிப்ஸில் ஓட்டினார்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்து எட்டு மாதம் ஆகியிருந்ததால் சம்மதித்தார்கள். நாமாக ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. ஸ்டென்ட் என்றதும் சொந்தக்காரர் ஒருவர் போனில் ‘ஹார்ட்டுக்கு மறுபடியுமா’ என்று அலறினார். அவருக்குப் புரியவைப்பதற்குள் சிகிச்சையே முடிந்துவிட்டது. உள்ளே கொண்டுபோய் நாற்பது நிமிஷத்தில் வெளியே வந்தார்கள். மறுநாள் கஞ்சித்தண்ணி, மூன்றாம் நாள் காய்ச்சல் இல்லை. அம்மா வயிற்றைத் தடவிப் பார்த்து, ‘பை எங்கடி?’ என்றார். இல்லை என்றதும் நம்பாமல் இன்னொரு தடவை தடவினார்.

பணத்தைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். பாண்டியில் மட்டும் 2,15,000 ரூபாய், அதில் ஸ்டென்ட் விலை மட்டும் 85,000. இது எங்களுக்கு ஆனது, உங்களுக்கு மாறும். ஆறு பவுனை அடகு வைத்தேன், தம்பி பாதி அனுப்பினான், கம்பெனியில் 34 நாள் சம்பளம் பிடித்தார்கள். கேஷ்லெஸ் கிடைக்கவில்லை. பின்னால் பணம் கேட்டு விண்ணப்பித்தபோது ஸ்டென்ட் பெட்டியின் ஸ்டிக்கர் எங்கே, தனி பில் எங்கே என்றார்கள். ஸ்டிக்கர் கேஸ் ஷீட்டில் ஒட்டியிருந்தது, அதன் நகலுக்காக இரண்டு தடவை பஸ் ஏறினேன். வெளியே வருவதற்கு முன்பே ஸ்டிக்கர் நகல், ஸ்டென்ட் பில், ஏன் ஆபரேஷன் செய்யவில்லை என்ற கடிதம், இந்த மூன்றையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். கடைசியில் 1,20,000 வந்தது. முதல் ஆஸ்பத்திரி பில்லுக்கு ஒரு ரூபாயும் வரவில்லை. இன்னொன்று, பாண்டிச்சேரி தனி யூனியன் பிரதேசம். தமிழ்நாட்டு அரசுக் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், அந்த ஆஸ்பத்திரி பட்டியலில் இருக்கிறதா, இந்தச் சிகிச்சை சேருமா என்று ஆம்புலன்ஸ் ஏறுவதற்கு முன்பே போன் செய்து கேட்டுவிடுங்கள்.

ஐந்தாவது வாரம் மறுபடி எண்டோஸ்கோபி செய்து, ஸ்டென்ட் வழியாகவே பித்தப்பைக்குள் பார்த்தார்கள். சின்னக் கற்கள் தானாகக் குடலுக்கு விழுந்திருந்தன, அந்த 14 மில்லிமீட்டர் கல்லை உடைத்து எடுத்தார்கள். உலோக ஸ்டென்டை எடுத்துவிட்டு, பாதை மூடாமலிருக்க இரண்டு சின்ன பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைத்தார்கள். சிலருக்கு உலோக ஸ்டென்டையே விட்டுவிடுவதும் உண்டாம், ஆளைப் பொறுத்தது. இந்த இரண்டாவது தடவைக்கு 38,000 ஆனது. காய்ச்சல், வலி, கறுப்பாக மலம், இந்த மூன்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் வரச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. எந்த ஸ்டென்ட், எந்தத் தேதி என்று எழுதிய அட்டை அம்மாவின் சுருக்குப் பையில். நாலு பவுன் இன்னும் மீட்கவில்லை. போன வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனோம். திரும்பி வரும்போது சந்நிதித் தெருவில் நின்று, எண்ணெய் ஆகாது என்று நான் சொல்லச் சொல்ல, ஒரு மெதுவடை வாங்கச் சொல்லிப் பாதியைத் தின்றுவிட்டு மீதியை என்னிடம் நீட்டினார்.